கேரவனும் ஒரு கையெழுத்தும்



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மன்றச் செயலாளர் கேட்டதும் முதலில் ஓடி ஒளியத்தான் பார்த்தேன். கவிதை எழுத நம் வகுப்பிலேயே ஆறு பேர் இருக்கிறார்கள். மழை, நிலா, அவள் என்று மூன்று தலைப்பையும் அவர்களே பங்கு போட்டுக்கொண்டு விட்டார்கள். எனக்கு மிஞ்சியது ஒரு பேட்டரி. பேட்டரியைப் பற்றி எவன் படிப்பான் என்று நினைக்காதீர்கள். இதில் ஒரு மனிதரின் சம்பளம் இருக்கிறது, என் கையெழுத்து ஒன்றும் இருக்கிறது. அந்தக் கையெழுத்தை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது.

நான் சாண்ட்விச் கோர்ஸ்காரன். அந்தப் பெயரை வைத்து மற்ற துறை நண்பர்கள் கேன்டீனில் கேலி செய்வது பழகிப்போன விஷயம். எங்களுக்கு நடுவில் ஆறு மாதம் தொழிற்சாலைப் பயிற்சி உண்டு. 2024 ஜூனில் ஒரகடம் பக்கம் போகிறோம் என்றதும் எங்கள் செட்டில் எல்லோருக்கும் ஒரே கனவு. சிங்கப்பெருமாள்கோவில் – ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வண்டலூர் – வாலாஜாபாத் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம் அது. 2010ல் ரெனோ நிசான், 2012ல் டைம்லர், 2013ல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக ஆலைகள் வந்த மண். கொஞ்சம் தள்ளி இருங்காட்டுக்கோட்டையில் 1998லிருந்தே ஹூண்டாய் கார் ஓட்டிக்கொண்டு வெளியே வருகிறது. விடியற்காலை ஐந்து மணிக்குக் கூட்ரோட்டில் நின்றால் கம்பெனி பஸ்களின் வரிசை முடிவே இல்லாமல் போகும். கழுத்தில் நீல நாடாவில் அடையாள அட்டை, காலில் சேஃப்டி ஷூ... அப்படி ஒரு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்ப வேண்டும் என்பதுதான் என் ஆசை.

என்னோடு வந்த நான்கு பேருக்குப் பெரிய கம்பெனி கிடைத்தது. எனக்குக் கிடைத்தது ஒரு தகரக் கொட்டகை!

மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, டீக்கடை, டயர் பஞ்சர் கடை, ஒடிசாப் பையன்கள் தங்கியிருக்கும் லைன் வீடுகள் எல்லாம் தாண்டினால் எங்கள் ஷெட். பெயர் வேண்டாம். பாடி கட்டும் இடம். சேசிஸாக வரும் வண்டிக்கு மேல்கூடு கட்டி அனுப்புவார்கள். ஆம்புலன்ஸ், ஸ்கூல் வேன், குளிர்பெட்டி வண்டி, அப்புறம் எப்போதாவது கேரவன்.

கேரவன் என்றால் நமக்கெல்லாம் சினிமா நட்சத்திரம் மேக்கப் போடும் வண்டிதான். பூந்தமல்லி தாண்டி செம்பரம்பாக்கம் ஃபிலிம் சிட்டி பக்கம் போனால் வெள்ளை வெள்ளையாக நிற்குமே, அதுதான். வெளிநாட்டில் கேரவன் என்றால் காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் வீடு. இன்ஜினோடு தானே ஓடும் வீட்டுக்கு அங்கே மோட்டார்ஹோம் என்று பெயர். நம் ஊரில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். இப்போது சுற்றுலாவுக்கும் இவை வர ஆரம்பித்திருக்கின்றன. 2021ல் கேரள அரசு ‘கேரவன் கேரளா’ என்று ஒரு திட்டமே கொண்டுவந்தது. அதற்காக முதலில் காட்டிய வண்டிகளில் ஒன்று பாரத்பென்ஸ் 1017 சேசிஸின் மேல் கட்டியது. அந்தக் கம்பெனியின் ஆலை நம் ஒரகடத்தில்தான். எங்கள் ஷெட் முதலாளி அந்தப் படத்தைப் பேப்பரில் பார்த்த நாளிலிருந்து கேரவன் கேரவன் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

நான் சேர்ந்தபோது அப்படி ஒரு வண்டி முடியும் தறுவாயில் நின்றது. முன்பக்கக் கேபினும் சேசிஸும் மட்டும் வந்த 12 வோல்ட் வண்டி. அதன் மேல் இரும்புக் குழாய்ச் சட்டம், வெளியே ஃபைபர் தகடு. உள்ளே நான்கு படுக்கை, சின்ன ஃபிரிட்ஜ், இரண்டு ஃபேன், தண்ணீர் பம்ப், பாத்ரூம். நான் குடியிருந்த மாத்தூர் அறையை விட அது நன்றாக இருந்தது என்பது உண்மை.

வண்டியின் மின்சாரத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மெக்கானிக்கல் நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும். இதில் பேட்டரி இரண்டு வகை. முன்னால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் பேட்டரி. பின்னால் வீட்டுக்கான பேட்டரி, 150 ஆம்பியர்-அவர் ட்யூபுலர் இரண்டு, பேரலலில். இரண்டுக்கும் நடுவில் ஒரு ரிலே. இன்ஜின் ஓடி முன் பேட்டரி வோல்டேஜ் 13.3ஐத் தாண்டினால் ரிலே சேர்ந்து பின்னால் இருப்பதற்கும் சார்ஜ் போகும். இன்ஜின் நின்று வோல்டேஜ் இறங்கினால் பிரிந்துவிடும். இல்லாவிட்டால் ராத்திரி ஃபேன் ஓடி ஓடி, காலையில் வண்டியே ஸ்டார்ட் ஆகாது. இது போக 230 வோல்ட்டில் சொருகும் சார்ஜர் ஒன்றும் பின் பேட்டரிப் பக்கத்திலேயே உண்டு. லாட்ஜிலோ வீட்டிலோ நிறுத்தினால் அதில் சொருகிக்கொள்ளலாம்.

இந்த வயரிங் முழுக்கச் செய்தது ஒரே ஆள். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். வாலாஜாபாத் பக்கத்துக் கிராமம். ஐடிஐ எலக்ட்ரீஷியன். பதினொரு வருடமாக அதே ஷெட்டில், அதே கான்ட்ராக்ட்டில். அதிகம் பேச மாட்டார். ஆல்டர்னேட்டரை டைனமோ என்பார். டைனமோ வழக்கொழிந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது அண்ணா என்று முதல் வாரம் நான் திருத்தினேன். “சரி தம்பி” என்றார். மறுநாளும் டைனமோதான். முதல் நாள் என் கையில் கிடந்த செப்புக் காப்பைக் கழற்றச் சொன்னவர் அவர். “பேட்டரி மேல ஸ்பேனர் ஒருக்கா குறுக்க வுழுந்துது, என் ஃபிரெண்டு மோதிர விரலு இப்ப இல்ல” என்றார், அவ்வளவுதான். நான் அன்றைக்குக் கழற்றிய காப்பை இன்னும் மாட்டவில்லை.

படித்த பையன் என்பதால் எனக்கு ஒரு கௌரவமான வேலை கொடுத்தார்கள். டெஸ்ட் ரிஜிஸ்டர். வண்டி வெளியே போகும் முன் ஒவ்வொன்றாக அளந்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆகஸ்டில் அந்தக் கேரவன் கிளம்பும் நாள். மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். இன்ஜின் நிற்கும்போது பின் பேட்டரி 12.8. பிரமாதம். இன்ஜினை ஓடவிட்டு அளந்தேன், 14.0. இன்னும் பிரமாதம். ரிலேயும் டிக் என்று சேர்ந்தது. ‘பின் பேட்டரி சார்ஜிங் – சரி’ என்று எழுதி, அழகாகக் கையெழுத்தும் போட்டேன். பயிற்சி மாணவன் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு இருக்கிறது பார் என்று மனதுக்குள் மீசையை முறுக்கிக்கொண்டேன்.

மூன்று வாரத்தில் வண்டி திரும்பி வந்தது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கே ஃபேன் நின்று போகிறதாம். சூப்பர்வைசர் பேட்டரி டீலரைத் திட்டி, இரண்டையும் மாற்றி வாங்கிப் போட்டார். மறுபடி நான் அளந்தேன். மறுபடி 12.8, 14.0. மறுபடி ‘சரி’. மறுபடி கையெழுத்து.

அக்டோபரில் இரண்டாம் முறை வந்தபோது உரிமையாளர் சும்மா வரவில்லை. வாடகைக்கு எடுத்த குடும்பம் ராமேஸ்வரம் போயிருக்கிறது. பகலெல்லாம் ஊர் ஊராக நிறுத்தி நிறுத்திப் பயணம், ராத்திரி வண்டியிலேயே தூக்கம். இரண்டாம் ராத்திரி ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது. அதில் பாட்டியின் இன்சுலின். காலையில் பார்த்தால் மருந்து வெதுவெதுவென்று இருந்ததாம். அதைப் போடலாமா கூடாதா என்று தெரியாமல், ராமநாதபுரத்தில் கடை திறக்கும் வரை அந்த வயதான அம்மாவை வைத்துக்கொண்டு தவித்திருக்கிறார்கள். நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லை. உரிமையாளர் ஷெட் நடுவில் நின்று கத்தியது தெருமுனை டீக்கடை வரை கேட்டது. பேட்டரி டீலரோ, இந்த முறை மாற்றித் தர முடியாது, பேட்டரியில் குற்றம் இல்லை, உங்கள் வண்டி சார்ஜே கொடுப்பதில்லை என்று கையை விரித்துவிட்டார். இரண்டும் சேர்ந்து முப்பதாயிரத்துக்கு மேல்.

அன்று சாயங்காலம் சூப்பர்வைசர் அண்ணாவைக் கூப்பிட்டார். எல்லோர் முன்னாலும்தான். “பதினாறு ஸ்கொயர் கேபிள் கொடுத்தேன். பத்து ஸ்கொயரை இழுத்துட்டு மீதியை வித்துட்டியா?” என்று கேட்டார்.

செப்பு விலை உங்களுக்குத் தெரியும். எடைக்குப் போட்டால் காசு. அந்த ஒரு கேள்வியில் பதினொரு வருடம் போயிற்று. கேபிள் தரைக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய்க்குள் போகிறது. பிரித்துப் பார்க்க வேண்டுமானால் படுக்கை, பாத்ரூம் எல்லாம் கழற்ற வேண்டும். அதற்கு யாரும் தயாராக இல்லை. அண்ணாவின் அந்த மாதச் சம்பளத்தைப் பிடித்து வைப்பதாகச் சொல்லிவிட்டார்கள். அண்ணா ஒன்றும் சொல்லவில்லை. தன் டூல்ஸ் பையை மடித்து எடுத்துக்கொண்டு, சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் போனார். “நீங்க ஏன்ணா பேசலை?” என்றேன். “இன்னா பேசறது தம்பி... ரிஜிஸ்டர்ல எல்லாம் சரின்னு கீது. அப்ப நான்தான திருடன்?” என்றார்.

நண்பர்களே, அவர் என்னைக் குறை சொல்லவில்லை. சும்மா இருப்பதைத்தான் சொன்னார். ஆனால் அந்த ரிஜிஸ்டரில் சரி என்று எழுதியவன் நான்! பேட்டரி நல்லது, டைனமோ நல்லது, ரிலே நல்லது என்று நான் எழுதி வைத்ததால்தான், மீதி இருப்பது கேபிள் மட்டும் என்று சூப்பர்வைசர் முடிவுக்கு வந்தார்.

ராத்திரி அறையில் தூக்கம் வரவில்லை. நோட்டை எடுத்து வரைந்து பார்த்தேன். டைனமோ, ரிலே, கேபிள், பேட்டரி, திரும்பி வரும் வழி. நாம் முதல் செமஸ்டரில் படித்த ஓம் விதி, பத்தாம் வகுப்புப் பையனுக்கும் தெரிந்தது. வோல்டேஜ் டிராப் என்பது கரண்டையும் ரெசிஸ்டன்ஸையும் பெருக்குவது. அப்போதுதான் பொட்டில் அடித்த மாதிரி ஆயிற்று. நான் அளந்த இரண்டு தடவையும் வண்டி ஷெட்டுக்குள் நின்றது. ஷெட்டுக்குள் நிற்கும் வண்டி எப்போதும் 230 வோல்ட் சார்ஜரில் சொருகியே இருக்கும். பேட்டரி ஏற்கெனவே வயிறு நிறைந்து கிடக்கிறது. நிறைந்த பேட்டரி இன்ஜினிலிருந்து கேட்பது ஒன்றோ இரண்டோ ஆம்பியர். வழியில் எவ்வளவு பெரிய ரெசிஸ்டன்ஸ் இருந்தாலும் அந்தக் கரண்டில் டிராப் ஒன்றுமே தெரியாது. பசியில்லாதவனிடம் சோறு பத்துமா என்று கேட்டு, பத்தும் என்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை அண்ணாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “ஹைட்ரோமீட்டர் எடுத்தா” என்றார்.

பன்னிரண்டு செல்லையும் அவரே பார்த்தார். ஒவ்வொன்றும் 1.150க்குப் பக்கம். நான் எழுதிக்கொண்டே வந்தேன். கடைசி செல் முடிந்ததும் சொன்னார்: “ஒரு செல்லு மட்டும் எறங்கியிருந்தா பேட்டரி கெட்டது. பன்னெண்டும் ஒண்ணா எறங்கியிருந்தா பேட்டரி பட்டினி.” பேட்டரி டீலர் சொன்னதும் அதேதான். ஆனால் இவர் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. பட்டினி போட்டே வைத்திருந்தால் பிளேட்டில் படியும் லெட் சல்பேட் இறுகிப் போய்விடும். அப்புறம் நீங்கள் எவ்வளவு சார்ஜ் கொடுத்தாலும் பழைய கொள்ளளவு வராது. 1859ல் பிளாண்டே செய்த காலத்திலிருந்து ஈய-அமில பேட்டரிக்கு இந்த வியாதி உண்டு.

சனிக்கிழமை பகலில் சார்ஜரில் முழுக்க ஏற்றினோம். ராத்திரி சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பழைய 55 வாட் ஹெட்லைட் பல்ப் நான்கை ஒரு பலகையில் கட்டிப் பின் பேட்டரியில் போட்டோம். சுமார் 18 ஆம்பியர். எட்டு மணி நேரத்தில் கிட்டத்தட்டப் பாதி காலி. வாட்ச்மேனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, பல்ப் மேல் எதையும் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனோம். ஞாயிறு காலை ஏழு மணிக்குத் திரும்பி வந்தோம். ஷெட்டில் ஒரு ஈ காக்கை இல்லை.

இங்கே ஒரு மானக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். கரண்ட் அளக்க நான் பெருமையாக ஒரு கிளாம்ப் மீட்டர் கொண்டுபோயிருந்தேன், நண்பன் ஒருவனிடம் இரவல். இன்ஜினை ஸ்டார்ட் செய்து கேபிளில் மாட்டினால் பூஜ்யம். “அண்ணா! கரண்ட்டே வரலை! கேபிள் கட்!” என்று கூவினேன். அண்ணா மீட்டரை வாங்கித் திருப்பிப் பார்த்தார். “தம்பி, இது வீட்டு லைனு பாக்கற மீட்டரு. பேட்டரிக்கு வேற இருக்குது” என்றார். அதாவது ஏ.சி. மட்டும் அளக்கும் மீட்டர். டிரான்ஸ்ஃபார்மர் மாதிரி வேலை செய்வது, டி.சி.க்கு அசையவே அசையாது. டி.சி. அளக்க ஹால் எஃபெக்ட் உள்ள கிளாம்ப் வேண்டும். இதை நான் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்! அண்ணாவின் டூல்ஸ் பையிலிருந்தே சரியான மீட்டர் வந்தது.

பேட்டரி பாதி காலியாக இருக்கும்போது, இன்ஜினை 1500 சுற்றில் வைத்து அளந்தோம். ஐடிலிங்கில் அளந்தால் டைனமோ தன் முழு பலத்தில் ஒரு பங்குதான் கொடுக்கும், அதை வைத்து முடிவு கட்டக்கூடாது. டைனமோவில் 14.2 வோல்ட். பின் பேட்டரி முனைகளில் 13.1. கேபிளில் ஓடுவது 24 ஆம்பியர். வழியில் 1.1 வோல்ட் காணோம். நான் இரண்டு முறை 14.0 என்று எழுதிய அதே இடம்.

காணாமல் போன 1.1ஐத் தேடுவதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. மல்டிமீட்டரின் ஒரு முனையில் நீளமாகக் காலிங் பெல் வயரைக் கட்டி, சந்தேகப்படும் கேபிளின் இந்தத் தலையில் ஒன்று, அந்தத் தலையில் ஒன்று வைக்க வேண்டும். மீட்டருக்குள் போகும் கரண்ட் மிகச் சொற்பம் என்பதால் பெல் வயர் மெல்லிசாக இருந்தாலும் கெடுதல் இல்லை. கரண்ட் ஓடும்போது மீட்டர் காட்டுவது அந்தத் துண்டில் மட்டும் விழும் வோல்டேஜ். முதலில் ரிலே. 0.03. ரிலே நிரபராதி. அடுத்தது கேபிள்.

அந்த அளவை எடுக்கும் முன் நான் நோட்டில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அண்ணா கேபிளின் நீளம் ஏழு மீட்டர் என்றார். பதினாறு ஸ்கொயர் எம்.எம். செப்புக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 1.08 மில்லிஓம். ஏழு மீட்டருக்கு 7.5 மில்லிஓம். 24 ஆம்பியரில் 0.18 வோல்ட் விழ வேண்டும். பத்து ஸ்கொயராக இருந்தால் மீட்டருக்கு 1.72, மொத்தம் 12 மில்லிஓம், விழுவது 0.29 வோல்ட். 0.18ஆ, 0.29ஆ? ஒரு படுக்கையையும் கழற்ற வேண்டாம், ஒரு தரையையும் பெயர்க்க வேண்டாம். அண்ணா திருடினாரா இல்லையா என்பது அந்த இரண்டு எண்ணுக்கு நடுவில் இருந்தது.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்குப் பயமாக இருந்தது. அவர் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். தெரியும் என்றால் கை ஏன் நடுங்குகிறது? அண்ணா பின்பக்கம் பேட்டரி அருகில் முனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் மீட்டர் என் கையில்.

0.19.

“எவ்ளோ தம்பி?” என்றார் பின்னாலிருந்து. “பத்தொம்போதுண்ணா” என்றேன். “அப்டின்னா?” “பதினாறு ஸ்கொயர்தான்ணா. முழுசா இருக்கு.” அவர் பதில் பேசவில்லை. கொஞ்சம் கழித்து, “நான்தான இழுத்தேன். எனக்குத் தெரியாதா” என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பாசிட்டிவ் பக்கம் எல்லாம் கூட்டினால் 0.22தான். மீதி 0.9 வோல்ட் எங்கே? நாம் எல்லோரும் போகும் வழியைத்தான் பார்ப்போம். கரண்ட் திரும்பி வரவும் வேண்டுமே! பின் பேட்டரியின் நெகட்டிவ்விலிருந்து டைனமோவின் உடம்புக்கு மீட்டரை வைத்தேன். 0.89 வோல்ட்.

நெகட்டிவ்வுக்குக் கேபிளே கிடையாது. பேட்டரிப் பக்கத்தில் பாடிச் சட்டத்தில் ஒரு பிராக்கெட், அதில் ஒரு போல்ட், அவ்வளவுதான் எர்த். பழைய பஸ், லாரியில் இது நடக்கும். எல்லாம் இரும்போடு இரும்பு. இங்கே குழாய்ச் சட்டம் முழுக்க இரண்டு கோட் எபாக்சி பிரைமர். அந்தச் சட்டம் சேசிஸின் மேல் உட்கார்ந்திருப்பதோ ரப்பர் பேக்கிங்கில். அதிர்வு உள்ளே வரக்கூடாது, படுத்திருப்பவர் தூங்க வேண்டும் என்பதற்காக. ஆகவே 24 ஆம்பியரும் நாலைந்து போல்ட் மரை வழியாக நெருக்கிக்கொண்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தது. அண்ணா புறங்கையை அந்த எர்த் போல்ட்டின் மேல் வைத்துச் சட்டென்று எடுத்தார். “சுடுது தம்பி.” லக்கைக் கழற்றிப் பார்த்தால் அடியில் பழுப்பாகக் கருகிய வட்டம். பெயின்ட் சுரண்டிய இடம் ஓர் ஓரத்தில் பிறை நிலா அளவுக்குத்தான் பளபளத்தது.

சார்ஜே ஏறவில்லை என்பதும் சரியில்லை. கரண்ட் குறையக் குறைய டிராப்பும் குறையும், ஆகவே ஏறத்தான் செய்யும், ஆனால் ஆமை வேகத்தில். நிற்காமல் நாள் முழுக்க ஓடினால் ஓரளவு நிரம்பும். ஒரு மணி நேரம் ஓடி, கோயில் பார்த்து, மறுபடி ஒரு மணி நேரம் ஓடுகிற குடும்பத்துக்கு நிரம்பாது. ஷெட்டில் சார்ஜர் மட்டும் ஏன் ஒழுங்காக வேலை செய்தது என்பதற்கும் பதில் கிடைத்தது. அதன் இரண்டு வயரும் நேராகப் பேட்டரிக்கே போகின்றன, பாடியைத் தொடுவதே இல்லை.

“நெகட்டிவ்வுக்குக் கேபிள் ஏன்ணா இழுக்கலை?” என்று கேட்டேன். அண்ணா ஆபீஸ் ரூம் ஜன்னலைக் காட்டினார். வேலைத் தாள் அங்கேதான் கம்பியில் குத்தி இருந்தது. முதலில் ‘நெகட்டிவ் கேபிள் 7 மீ’ என்று இருந்ததை அடித்துவிட்டு ‘பாடி எர்த்’ என்று எழுதியிருந்தது. எழுத்து சூப்பர்வைசருடையது. “அன்னிக்கே சொன்னேன். காசு மிச்சம்னு சொன்னாரு” என்றார் அண்ணா. ஏன் இதை அன்று எல்லோர் முன்னாலும் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. கான்ட்ராக்ட் ஆள் யாரிடம், எப்படிச் சொல்வது என்பது எனக்கே அப்போது தெரிந்திருந்தது.

ஸ்டோரில் கிடந்த 25 ஸ்கொயர் கேபிளை வெளிப்பக்கமாகச் சேசிஸ் ஓரத்திலேயே தற்காலிகமாகக் கட்டினோம். பின் பேட்டரி நெகட்டிவ்விலிருந்து நேராக இன்ஜின் பிளாக்குக்கு. லக்கை அண்ணா கிரிம்ப் செய்த அழகைப் பார்க்க வேண்டும்! இழுத்தால் கை வலிக்குமே தவிர லக் வராது. ஸ்டார்ட் செய்து 1500 சுற்றில் வைத்தோம். கரண்ட் 46 ஆம்பியர். பின் பேட்டரியில் 13.5 வோல்ட். நெகட்டிவ்வில் விழுவது 0.2தான். டைனமோ முனகும் சத்தமே மாறிவிட்டது, சுமை ஏறிய மாடு மாதிரி.

திங்கட்கிழமை. சூப்பர்வைசரிடம் போய் நின்றேன். இரண்டு நாள் ஒத்திகை பார்த்த பேச்சு எல்லாம் மறந்துபோயிற்று. “சார், ரிஜிஸ்டர்ல நான் தப்பா எழுதிட்டேன்” என்று ஆரம்பித்தேன். அதுதான் நல்லதாகப் போயிற்று என்று இப்போது தோன்றுகிறது. நோட்டைக் காட்டினேன். 0.18, 0.29, மீட்டரில் 0.19. அவர் கேட்ட முதல் கேள்வி, “ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமை யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க?” என்பது. அப்புறம் எழுந்து வந்தார். தற்காலிகக் கேபிளைக் கழற்றிவிட்டு ஓடவிடச் சொன்னார். குனிந்து அந்த போல்ட்டில் விரலை வைத்தார், எடுத்தார். மறுபடி வைத்தார். வேலைத் தாளைப் பற்றி நான் பேசவில்லை, அண்ணாவும் பேசவில்லை. அவருக்கே நினைவு வந்திருக்க வேண்டும். கம்பியிலிருந்து அந்தத் தாளை உருவிக்கொண்டு போனவர் மத்தியானம் வரை வெளியே வரவில்லை.

மன்னிப்பெல்லாம் யாரும் கேட்கவில்லை. எல்லோர் முன்னாலும் திருடன் என்றவர், எல்லோர் முன்னாலும் இல்லை என்றும் சொல்லவில்லை. அதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு. ஆனால் புது நெகட்டிவ் கேபிளுக்கு ஸ்டோர் சீட்டு வந்தது. அண்ணாவின் சம்பளம் தீபாவளிக்கு நான்கு நாள் முன்னால் முழுசாக வந்தது. அன்றைக்கு அவர் ஒரு கிலோ இனிப்பு வாங்கிச் சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு போனதைப் பார்த்தேன்.

நான் ரிஜிஸ்டரைத் திறந்து, இரண்டு இடத்திலும் ‘சரி’ என்பதன் மேல் ஒரே ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் ‘பேட்டரி முழு சார்ஜில் இருக்கும்போது, லோடு இல்லாமல் எடுத்தது’ என்று எழுதித் தேதி போட்டு மறுபடி கையெழுத்திட்டேன். பயிற்சி முடிந்து நவம்பர் கடைசியில் கிளம்பும்போது புது ரிஜிஸ்டர் அச்சாகி வந்திருந்தது. வோல்டேஜ் கட்டத்துக்குப் பக்கத்தில் புதிதாக மூன்று கட்டம்: ‘பேட்டரி நிலை’, ‘ஆம்பியர்’, ‘நெகட்டிவ் டிராப்’. முதல் வண்டிக்கு அந்தக் கட்டங்களை நிரப்பியது அண்ணா. கையெழுத்துப் போடும் இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகு நேரம் யோசித்தார். “தமிழ்ல போட்லாமா தம்பி?” என்றார்.

“போடுங்கண்ணா” என்றேன்.

– இறுதியாண்டு, மின்னியல் துறை (சாண்ட்விச்)